மூன்று முறை தட்டப்பட்ட கதவு

குழந்தைகளே! வேலூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? அகழி சூழ்ந்த கோட்டை, 1806-ல் அங்கே நடந்த சிப்பாய்ப் புரட்சி, சித்திரை மாதத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில் என்று அடுக்குவீர்கள். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனையையும் சேர்த்துச் சொல்வார்கள். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் போன்ற தொலைதூர மாநிலங்களில் இருந்தும் நோயாளிகள் ரயிலேறி வேலூருக்கு வருகிறார்கள்.

இவ்வளவு பெரிய மருத்துவமனை எப்படித் தொடங்கியது தெரியுமா? ஒரே ஓர் அறையில், ஒரே ஒரு கட்டிலுடன்! தொடங்கியவர் டாக்டராகவே கூடாது என்று பிடிவாதமாக இருந்த ஓர் இளம்பெண். அவர் பெயர் ஐடா சோபியா ஸ்கடர்.

பஞ்சத்தில் கண்ட காட்சி

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் ஓர் அமெரிக்க மருத்துவர். மருத்துவமும் சமயப் பணியும் செய்வதற்காக 1819-ல் கப்பலேறியவர். யாழ்ப்பாணத்தை அடுத்த பண்டத்தரிப்பிலும், பிறகு சென்னையிலும் பணிபுரிந்தார். அவருடைய பிள்ளைகள் பலரும் அதே வழியில் சென்றார்கள். அவர்களில் ஒருவர்தான் ஐடாவின் தந்தை. அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான், அவரும் மருத்துவர்தான்.

1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். ஐந்து அண்ணன்மார்களுக்குப் பிறகு பிறந்த செல்லத் தங்கை.

அவர் சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. மழை பொய்த்தது, ஏரி குளங்கள் வறண்டன, லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மடிந்தனர். ஐடாவின் பெற்றோர் பசித்து வந்த குழந்தைகளுக்கு உணவு வழங்கினார்கள். ரொட்டியைக் கையில் வாங்கி வாயில் வைக்கக்கூடத் தெம்பில்லாமல் சில குழந்தைகள் கிடந்தார்கள். அவர்களுக்கு ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள் சின்னஞ்சிறு ஐடா. அந்தக் காட்சி அவள் மனத்தை விட்டு அகலவே இல்லை.

1878-ல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் முதலில் தந்தையும், பிறகு தாயும் மீண்டும் இந்தியா வந்துவிட்டனர். படிப்புக்காக ஐடா மட்டும் உறவினர் வீட்டில் விடப்பட்டாள். தாயைப் பிரிந்த அந்த இரவில் அவள் அழுத அழுகைக்கு அளவில்லை. தன் பெற்றோரைத் தன்னிடமிருந்து பிரித்தது இந்தியாதானே என்று அவளுக்குத் தோன்றியது. ஆகவே, அந்த நாட்டுக்கு வேலை செய்யப் போகவே மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டாள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் படித்தபோது குறும்புக்காரியாகப் பெயரெடுத்தாள்.

ஓர் இரவு, மூன்று பேர்

1890-ல் ஐடாவின் தாயாருக்கு உடல்நலம் கெட்டது. அவருக்குத் துணையாக இருக்க ஐடா இந்தியாவுக்கு வந்தார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தார்கள். தாய்க்குக் குணமானதும் அமெரிக்கா திரும்பிவிடுவது என்பதுதான் அவருடைய திட்டம்.

ஒருநாள் இரவு விளக்கொளியில் ஐடா அமர்ந்திருந்தார். கதவு தட்டும் ஓசை கேட்டது. வெளியே இளைஞர் ஒருவர் பதற்றத்துடன் நின்றார். அவர் அந்தண வகுப்பைச் சேர்ந்தவர். அவர் மனைவிக்கு வயது 14தான். பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா உடனே வர வேண்டும் என்று கெஞ்சினார் அந்த இளைஞர்.

தனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தைதான் மருத்துவர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. இளைஞர் தலையசைத்து மறுத்துவிட்டார். வேற்று ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை அந்தக் காலத்துக் கட்டுப்பாடு அனுமதிக்கவில்லை. அவர் தளர்ந்த நடையுடன் திரும்பிப் போனார்.

சிறிது நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஓர் இஸ்லாமியர். அவர் மனைவிக்கும் அதே நிலை. ஐடாவும் தந்தையும் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். அவரும் ஆண் மருத்துவரை ஏற்கவில்லை. மூன்றாவது முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் வேறோர் இந்துக் குடும்பத்தவர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு.

அன்றிரவு ஐடா கண்ணுறங்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மூன்று பெண்கள் உயிருக்குப் போராடுகிறார்கள். உதவ ஒரு மருத்துவர் தயாராக இருக்கிறார். ஆனால் அவர் ஆணாக இருப்பதால் போக முடியவில்லை. பெண்ணான தன்னால் போக முடியும்; ஆனால் தனக்கு மருத்துவம் தெரியாது!

பொழுது விடிந்ததும் பறையொலி கேட்டது. பணியாளை அனுப்பி விசாரித்தார் ஐடா. மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

குழந்தைகளே! அந்தக் காலத்தில் பிரசவம் என்பது பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள். சிறு வயதிலேயே திருமணம் நடந்ததால், முழு வளர்ச்சி அடையாத உடலுடன் பெண்கள் தாயானார்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, குருதி மிகுதியாகப் போனாலோ காப்பாற்ற வழி கிடையாது. கழுவாத கையும் சுத்தமில்லாத கத்தியும் தாய்க்கும் சேய்க்கும் நோய்க்கிருமிகளைத் தந்தன. முறையாகப் பயின்ற ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் அந்த மூவரும் பிழைத்திருக்கக்கூடும் அல்லவா? இந்த எண்ணம் ஐடாவை வாட்டியது. நெடுநேரம் தனியே இருந்து சிந்தித்தார். பிறகு பெற்றோரிடம் சென்று, தான் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

அடுத்த அறையில் கேட்ட காது

1895-ல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். 1898-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடம் கொடுத்தது. அங்கு மாறிச் சென்று 1899-ல் பட்டம் பெற்றார்.

ஊர் திரும்பும் முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. வீடு வீடாகச் சென்றார். கிடைத்ததோ சிறு தொகை. கப்பலேறும் நாள் நெருங்கிவிட்டது. ஒருநாள் ஒரு மூதாட்டியிடம் வேலூரில் உள்ள நிலையை விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்த ஒரு முதியவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர். மறுநாள் ஐடாவை அழைத்துப் பல கேள்விகள் கேட்டார். பிறகு, மறைந்த தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை அமைய வேண்டும் என்று சொல்லி 10,000 டாலர் கொடுத்தார்! அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

ஒரே ஒரு கட்டில்

1900-ம் ஆண்டு தொடக்கத்தில் டாக்டர் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அனுபவம் மிக்க தந்தையின் அருகில் இருந்து தொழில் பழகலாம் என்பது அவர் ஆசை. ஆனால் நடந்தது வேறு. அதே ஆண்டு மே மாதம் புற்றுநோயால் தந்தை காலமானார். கற்றுக்கொடுக்க ஆளில்லை, மருத்துவமனைக் கட்டடமும் இல்லை. இருந்தாலும் ஐடா துவண்டுவிடவில்லை. வேலூரில் தாங்கள் குடியிருந்த வீட்டின் ஒரு சிறிய அறையை மருந்தகம் ஆக்கினார். அங்கே போட்டது ஒரே ஒரு கட்டில். உதவிக்கு வந்தவர் வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமி. மருந்து கலப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாவற்றையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் நோயாளிகள் வர வேண்டுமே! முதலில் அவரை அழைத்த வீட்டில் நோயாளி ஏற்கனவே இறக்கும் நிலையில் இருந்தார், காப்பாற்ற முடியவில்லை. இந்தச் செய்தி பரவவே, மக்கள் வரத் தயங்கினார்கள். பிறகு கண்நோயுடன் வந்த ஒரு பெண்மணிக்குக் குணமானது. அவர் நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் 5,000 பேருக்கு மருத்துவம் பார்த்தார் ஐடா. 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. முப்பது வயதை அப்போதுதான் கடந்திருந்த ஒரு பெண், அதன் முழுப் பொறுப்பையும் சுமந்தார்.

புளியமர நிழலில் வைத்தியம்

வேலூருக்கு வந்தவர்கள் பிழைத்தார்கள். வர முடியாதவர்கள்? இந்தக் கேள்வி ஐடாவைத் துளைத்தது. கிராமத்தில் ஒருவருக்குக் காலில் புண் வந்தால் அன்றே யாரும் மருத்துவமனைக்குப் புறப்பட மாட்டார்கள். ஒருநாள் கூலி போய்விடும். வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டும். பச்சிலை வைத்துப் பார்ப்பார்கள். புண் சீழ்வைத்துப் புரையோடிய பிறகே கட்டை வண்டியில் ஏற்றுவார்கள். அதற்குள் காலையே இழக்கும் நிலை வந்துவிடும். நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவதைவிட, நோய் தொடங்கும்போதே மருத்துவர் கிராமத்துக்குப் போவது மேல் அல்லவா?

ஐடா புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் போனார். 1909 வாக்கில் அவருக்குப் பியூஜோ என்ற பிரெஞ்சு மோட்டார் கார் ஒன்று கிடைத்தது. புகையைக் கக்கிக்கொண்டு தடதடவென்று ஓடி வந்த அதைப் பார்த்து, பிசாசு வருகிறது என்று பயந்து கிராமத்து மக்கள் ஓடினார்களாம்! நாளடைவில் அதே கார் எப்போது வரும் என்று வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார்கள்.

வாரத்தில் ஒருநாள் வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் ஐடா பயணம் செய்வார். வழியில் குறிப்பிட்ட இடங்களில் கார் நிற்கும். மரத்தடிதான் மருத்துவமனை, மருந்துப் பெட்டியை வைத்த இடம்தான் மருந்தகம். சொறி சிரங்கு, கண்வலி, காய்ச்சல், ஆறாத புண், பல்வலி என்று பல தொல்லைகளுடன் மக்கள் வரிசையில் நிற்பார்கள். அக்காலத்தில் ஊரார் ஒதுக்கி வைத்திருந்த தொழுநோயாளிகளும் அங்கே வந்தார்கள். ஐடா யாரையும் ஒதுக்கவில்லை. அங்கேயே தீர்க்கக்கூடிய நோய்க்கு அங்கேயே மருந்து. அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்களை வேலூருக்கு வரச் சொல்வார். இந்தச் சாலையோர மருத்துவம் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. கிராமங்களைத் தேடி மருத்துவம் போக வேண்டும் என்பதை எத்தனையோ பேர் பிற்காலத்தில் பேசினார்கள். ஐடா நூறாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார்.

பெண்கள் படிக்க ஒரு பள்ளி

எவ்வளவு உழைத்தாலும் ஒருவரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்பார். திண்டிவனத்தில் நடந்ததுபோல, எங்கோ ஓர் ஊரில் எந்தக் கதவும் திறக்காமல் ஒரு பெண் இறந்துகொண்டுதான் இருந்தாள். தான் ஒருத்தி டாக்டரானால் போதாது; இந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் ஆக வேண்டும் என்பதை ஐடா உணர்ந்தார்.

1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நோயாளியைத் தொட்டுச் செய்யும் பணியை இழிவாகக் கருதிய காலம் அது. பெற்றோர் பெண்களை அனுப்பத் தயங்கினார்கள். ஐடா பொறுமையாகப் பேசி இசைய வைத்தார். அன்று சிறிய அளவில் தொடங்கிய அந்தப் பயிற்சி வளர்ந்து, 1946-ல் செவிலியர் பட்டப்படிப்பாக உயர்ந்தது.

அடுத்தது மருத்துவப் பள்ளி. சென்னை மாகாண அரசின் தலைமை மருத்துவ அதிகாரிக்கு இதில் நம்பிக்கையே இல்லை. மருத்துவம் படிக்க எத்தனை பெண்கள் முன்வரப் போகிறார்கள் என்று அவர் ஐயப்பட்டார். ஆனால் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன! இடமில்லாததால் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ம் தேதி, சென்னை மாகாண கவர்னர் பெண்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். போதிய கட்டடம் இல்லை, கருவிகள் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. காலையில் அறுவை சிகிச்சை, பகலில் நோயாளிகள், அதற்கு நடுவே வகுப்பு என்று ஐடாவே பாடம் நடத்தினார்.

முதல் தேர்வு வந்தது. மாகாணம் முழுவதும் ஆண்கள் படித்த பள்ளிகளிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுவார்; ஆகவே உங்கள் பெண்கள் தோற்றால் மனம் தளர வேண்டாம் என்று ஐடாவுக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்லப்பட்டது. முடிவு வெளியானது. தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறிவிட்டார்கள்! ஆறுதல் சொன்னவர்கள் வியந்து போனார்கள். 1922-ல் அந்த மாணவியர் மருத்துவர்களாக வெளியே வந்தார்கள்.

மருத்துவமனையும் பள்ளியும் வளர்ந்தன. ஆசியாவில் உள்ள பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் பெரும் நிதி திரட்டினார்கள். அவர்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் ராக்பெல்லர் நிதியிலிருந்து 10 லட்சம் தருவதாகச் சொல்லப்பட்டது. ஐடாவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1923-ல் இலக்கு எட்டப்பட்டது. வேலூர் நகருக்குள் தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. நகருக்கு வெளியே பாகாயத்தில், மலைகள் சூழ்ந்த இடத்தில், 1932-ல் கல்லூரி வளாகம் அமைந்தது.

எழுபது வயதில் ஒரு சோதனை

எல்லாம் நன்றாக நடக்கும்போது 1938-ல் இடி போன்ற செய்தி வந்தது. இனி மருத்துவப் பட்டயப் படிப்பு கிடையாது. பல்கலைக்கழகத்துடன் இணைந்து எம்.பி.பி.எஸ். பட்டம் தரும் கல்லூரியாக உயர வேண்டும். இல்லையேல் புதிய மாணவியரைச் சேர்க்கக் கூடாது என்றது அரசு. புதிய ஆய்வகங்கள், கூடுதல் படுக்கைகள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் எல்லாம் வேண்டும். கையில் பணம் இல்லை. உலகப் போர் வேறு தொடங்கிவிட்டது.

ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டிய வயதில் ஐடா மீண்டும் புறப்பட்டார். 1941-ல் அமெரிக்கா சென்றபோது அவருக்கு வயது 70. குளிரிலும் பனியிலும் ஊர் ஊராக அலைந்து நிதி கேட்டார்.

அங்கே இன்னொரு சிக்கல் எழுந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் பல திருச்சபைகள் ஒன்றுகூடி உதவ முடியும் என்ற நிலை. பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரியில் ஆண்களா என்று நெடுநாள் தோழியர் சிலரே கடுமையாக எதிர்த்தார்கள். ஐடாவுக்கும் மனவேதனைதான். ஆனால் கல்லூரி மூடப்பட்டால் நோயாளிகள் கதி என்ன? நெடிது எண்ணிப் பார்த்து, ஆண்களைச் சேர்க்கச் சம்மதித்தார். தோழியரின் மனத்தாங்கலையும் பொறுத்துக்கொண்டார். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். படிப்பு வேலூரில் தொடங்கியது. 1947 முதல் ஆண்களும் அங்கே படித்தார்கள்.

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர். இந்நாட்டுப் பெண்களே இப்பணியை ஏற்று நடத்த வேண்டும் என்ற ஐடாவின் ஆசை அவர் கண்முன்பே நிறைவேறியது. கொடைக்கானலில் அமைதியாக வாழ்ந்த ஐடா, 1960-ம் ஆண்டு மே மாதம் 24-ம் தேதி, தம் 89-வது வயதில் காலமானார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதப்பட்ட கடிதம் ஒன்று அவரிடம் சரியாக வந்து சேர்ந்ததாம். அவர் புகழ் அவ்வளவு தூரம் பரவியிருந்தது.

தொடரும் பாதை

அவர் நட்ட செடி இன்று ஆலமரமாகிவிட்டது. தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்டு 1948-ல் வேலூரில்தான் செய்து காட்டினார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் அங்கேதான் நடந்தது. ஐடாவின் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். ஆனாலும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். தம்மைப் போன்றவர்களுக்காக மறுவாழ்வு மையத்தையும் உருவாக்கினார்.

ஐடாவின் கார் புழுதி கிளப்பிச் சென்ற குடியாத்தம் சாலையை மறந்துவிடவில்லையே? அந்த வழியில் உள்ள கே.வி.குப்பத்தில் 1977-ல் ஊரக நலவாழ்வுத் திட்டம் ஒன்றை சி.எம்.சி. தொடங்கியது. ரூஷா என்று அதைச் சொல்வார்கள். கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் இதுபோன்ற பணி நடக்கிறது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிப்பார்கள். அவர்களால் முடியாததைச் செவிலியர் பார்ப்பார். அவராலும் முடியாததை மருத்துவர் பார்ப்பார். பெரிய சிகிச்சை தேவை என்றால் மட்டும் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஐடா பிறந்த ராணிப்பேட்டையிலும் 2022-ல் சி.எம்.சி.யின் புதிய வளாகம் செயல்படத் தொடங்கியது.

குழந்தைகளே! உங்கள் ஊருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் வருவார். அவர் பையில் தடுப்பூசி இருக்கும். கையில் ஒரு பதிவேடு இருக்கும். ஊசி என்று பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அவரை வரவேற்று, உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். உங்களில் யாருக்காவது மருத்துவராகவோ செவிலியராகவோ ஆகும் ஆசை இருந்தால், இப்போதிருந்தே ஊன்றிப் படியுங்கள். பட்டம் பெற்ற பிறகு, மருத்துவர் இல்லாத ஒரு சிற்றூருக்கு வாரத்தில் ஒருநாளாவது போய் வாருங்கள். அங்கே ஒரு மரத்தடியில் உங்களுக்காகச் சிலர் காத்திருப்பார்கள்.